பயணத்தில் பதறாதிருக்க



நம் தோட்டத்து மக்கள் வேலைக்குப் புறப்படும் அழகை நாம் எப்போதாவது நின்று கவனித்திருக்கிறோமா? மறுநாள் மரம் சீவப் போகிறவர் உளியை இரவே தீட்டி வைத்துவிடுகிறார். வாளி ஓர் இடத்தில், தலைவிளக்கு ஓர் இடத்தில், காலுறையும் சப்பாத்தும் வாசற்படிக்குப் பக்கத்தில். விடியற்காலையில் எழுந்து, தேநீரைக் குடித்துவிட்டு, பிள்ளைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இருட்டு, மழைத்தூறல், கொசு, வழியில் பாம்பு, இத்தனையும் உண்டு. ஆனாலும் அதில் பதற்றம் என்று ஒன்றை நாம் பார்ப்பதில்லை.

அதே நம்மைப் பினாங்குக்குப் போய்வரச் சொல்லிப் பாருங்கள். வீடே தலைகீழாகிவிடுகிறது. அடையாளக் கார்டு எங்கே, அம்மாவின் மருந்து எங்கே, கைத்தொலைபேசிக்கு மின்னூட்டம் போட்டது யார், போடாமல் விட்டது யார் என்று ஒரே கூச்சல். வண்டி தோட்டத்துச் சாலையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வருவதற்குள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டிருப்பார்கள்; ஒருவர் அழுதுகொண்டிருப்பார்.

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் பதறுகிறவரிடம் போய் ‘பதறாதே’ என்று சொன்னால் அவருக்குப் பதற்றம் இரட்டிப்பாகிறதே தவிரக் குறைவதில்லை. இது நம் எல்லார் அனுபவமும்தான். ஆகவே, பதற்றம் என்பது எங்கிருந்து வருகிறது, அதை எப்படிச் சமாளிக்கலாம் என்று இன்று கொஞ்சம் பேசலாம்.

பண்டார் பாரு கெடா மாநிலத்தின் தென்கோடி மாவட்டம். கெரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். மேற்கே கொஞ்சம் போனால் நிபோங் தெபால். அது பினாங்கு மாநிலம். மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் இருக்கிறோம். இதனால் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. ரயில் ஏற வேண்டுமானால் பேராக்குக்குப் போகிறோம். பெரிய மருத்துவமனை என்றால் பினாங்குக்கோ, சுங்கை பட்டாணிக்கோ, அலோர் ஸ்டாருக்கோ போகிறோம். வாழ்க்கையில் முக்கியமான காரியம் எதுவென்றாலும் அதற்கு ஒரு பயணம் செய்தாக வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் பயணம். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றாலும் பயணம். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற பயணத்தில் பதறினால் இழப்பு அதிகமில்லை. நம் பயணங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம்.

எங்கள் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு முதலில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று தீவில் உள்ள ஒரு மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். செர்டாங் பக்கத்திலிருந்து புறப்பட்டு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று தம்பி கணக்குப் போட்டார். ஏழரை மணிக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று. கணக்கு தவறென்று சொல்ல முடியாது; சாலையில் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லாவிட்டால் சரியான கணக்குதான்.

ஏழரைக்குப் புறப்படவில்லை. மருத்துவமனையில் கொடுத்த அட்டையைத் தேடுவதில் இருபது நிமிடம் போயிற்று. அது சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பத்திரமாக வைத்தவர் அம்மா. வைத்த இடத்தை மறந்தவரும் அம்மா. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைக் கடிந்துகொண்டோம். கண் தெரியாத மனுஷி என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாலத்துக்கு முன்னால் சுங்கச்சாவடி. டச் என் கோ அட்டையில் பணம் போதவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. பணத்தை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறினால் அங்கே வண்டிகள் நத்தையாய் ஊர்கின்றன. ‘முன்னாலேயே புறப்பட்டிருக்க வேண்டும்’ என்று அக்கா சொன்னார். ‘நீங்கள் ஓட்டிப் பாருங்கள்’ என்று தம்பி சொன்னார். அதற்குப் பிறகு சொன்னவற்றை வானொலியில் சொல்வதற்கில்லை. அம்மா பின்னிருக்கையில் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அம்மாவைக் கையைப் பிடித்து ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போனோம். போனதும் தாதி இரத்த அழுத்தம் பார்த்தார். மேல் எண் 190-ஐத் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். போதிய அளவு இறங்கவில்லை. இப்படி இருக்கும்போது கண்ணில் கத்தி வைக்க முடியாது, இரத்தக் கசிவு ஏற்படலாம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வேறு நாள் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அன்று காலை அம்மா இரத்த அழுத்த மாத்திரையைப் போடவில்லை. அறுவை சிகிச்சை நாளில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனையில் கேட்டபோது, அந்த மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டிருக்கலாமே என்றார்கள். ஆக, எண் ஏறியதற்கு மாத்திரை விட்டதும் காரணம், பாலத்தில் நடந்த சண்டையும் காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இரண்டுக்கும் பொறுப்பு நாங்கள்தான்.

நேயர்களே, இந்தப் பதற்றம் உடம்பில் செய்கிற வேலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சிறுநீரகங்களின் மேலே தொப்பி வைத்ததுபோல இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால், அவை அட்ரினலின் என்னும் நீரைச் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. உடனே இருதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, மூச்சு மேல்மூச்சாகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குப் போகிறது. ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சு அல்ல. செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டால் பின்னால் குதிக்க இந்த ஏற்பாடு உதவும். குதித்துவிட்டால் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். பாலத்து நெரிசலில் எங்கே குதிப்பது? உடம்பு ஓடுவதற்குத் தயாராகிவிட்டது. ஆனால் இருக்கையில் வார் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஓட முடியாத உடம்பு வாயைத் திறக்கிறது. சண்டை வருகிறது.

மூளைக்குப் பாம்பும் ஒன்றுதான், தாமதமாகிவிடுமோ என்ற எண்ணமும் ஒன்றுதான். அதிலும், என்ன நடக்கும் என்று தெரியாத நிலைதான் அதற்கு மிகவும் பிடிக்காதது. பேருந்து அரை மணி தாமதம் என்று யாராவது வந்து சொல்லிவிட்டால் நாம் அலுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். வருமா வராதா என்று தெரியாமல் பத்து நிமிடம் நிற்பதுதான் கொல்கிறது. ஆகவே பயணத்தில் அமைதிக்கான வேலையில் முக்கால் பங்கு, தெரியாதவற்றைப் புறப்படுமுன்பே குறைத்துக்கொள்வதில் இருக்கிறது. உளியை இரவே தீட்டி வைக்கிறோமே, அதே வேலைதான்.

இரண்டாவது முறை நாங்கள் செய்தது இதுதான். முதல் நாள் சாயங்காலமே ஒரு பை. அதில் மருத்துவமனை அட்டை, அடையாளக் கார்டு, அம்மா சாப்பிடும் மருந்துகள் அனைத்தும் அவற்றின் உறையோடு, ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சேலை, தண்ணீர்ப் போத்தல். ஒரு தாளில் மருத்துவமனையின் பெயர், எந்தப் பிரிவு, எத்தனையாவது மாடி, எங்கள் மூவரின் தொலைபேசி எண்கள். எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறதே, தாள் எதற்கு என்று தம்பி கேட்டார். தொலைபேசி அணைந்தால் தாள் பேசும் என்று அக்கா சொன்னார். தாளை அம்மா தாமே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அது இருக்கிறது என்ற தெம்பே பாதி மருந்து. சுங்க அட்டையில் பணம் ஏற்றியாயிற்று, எண்ணெயும் அடித்தாயிற்று. எந்த மாத்திரையைப் போடலாம், எதை நிறுத்த வேண்டும், எப்போது கடைசியாகச் சாப்பிடலாம் என்று மருத்துவமனைக்கே தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டோம். நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பக்கத்து வீட்டு யோசனை அன்பினால் வருவது; ஆனால் மருந்து விஷயத்தில் கேட்க வேண்டியவர் மருந்து கொடுத்தவர்.

புறப்பட்டது ஆறேகால். சாலை எங்களுக்காக ஒன்றும் மாறிவிடவில்லை. பாலத்தில் அதே நெரிசல், அதே ஊர்தல். ஆனால் கையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது. நெரிசல் என்பது நேரம் உள்ளவனுக்கு ஒரு காட்சி. நேரம் இல்லாதவனுக்கு ஒரு பகைவன். அன்று எங்களுக்கு அது காட்சியாக இருந்தது. விடிகிற வெளிச்சத்தில் இடதுபக்கம் கடலில் ஒரு பச்சைத் தீவு தெரிந்தது. மங்கலாகத்தான் தெரிந்திருக்கும், ஆனாலும் அம்மா அந்தப் பக்கம் திரும்பி, ‘அது ஜெரஜாக்தானே?’ என்று கேட்டார்.

ஜெரஜாக் தீவு நம்மவர் வரலாற்றில் இடம் பெற்ற தீவு. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் இறக்கித் தடுத்து வைப்பார்கள். எங்கள் பாட்டி சிறுமியாக இருந்தபோது தம் பெற்றோரோடு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குச் சற்று முன்னால் வந்தவர்கள் அவர்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். நம்மில் எத்தனையோ பேரின் தாத்தா பாட்டிகள் அதன் திறந்த தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்.

பாட்டி சொன்னதாக அம்மா அன்று பாலத்தில் சொன்னார்: முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் வாந்தி. போகிற ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட யாருக்கும் தெரியாது. பயத்தில் அழாதவர்கள் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வயதான அம்மாள் எழுந்து, இருக்கிற பெண்களையெல்லாம் கூட்டி, ஆளுக்கொரு வேலை கொடுத்தாராம். ஒருத்தி பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது, ஒருத்தி வாந்தி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, ஒருத்தி கதை சொல்வது. பாட்டிக்குக் கொடுத்த வேலை, பொழுது சாயும்போதெல்லாம் அன்றைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லாருக்கும் உரக்கச் சொல்வது. அதற்குப் பிறகு அழுகை குறைந்துவிட்டதாம்.

மனநூல் படித்தவர்கள் இன்று சொல்வதும் இதைத்தான். கைக்கு ஒரு வேலை, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற கணக்கு, பக்கத்தில் பேச ஓர் ஆள். நீண்ட பயணத்தில் பிள்ளைகள் ‘எப்போது போய்ச் சேருவோம்’ என்று கேட்டுக் கேட்டு நம்மைத் துளைக்கிறார்களே, அவர்களிடம் அதட்டுவதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். பாரிட் புந்தாரில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த் வரை ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் படித்துச் சொல்வது பிள்ளையின் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது பாடமும் ஆகும்.

வழியில் படபடப்பு வந்தே விட்டால் என்ன செய்வது? மூச்சு நம் கையில் இருக்கிறது. சூடான தேநீரை ஊதி ஆற்றுகிறோம் அல்லவா, அப்படி. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இருதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணிகிறது. நாம் அந்த நேரத்தை நீட்டிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்று சொல்லி, பயந்தவரை வேகவேகமாகப் பெருமூச்சு விட வைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். வேக மூச்சினால் இரத்தத்தில் கரிவளி குறைந்து, விரல் நுனியும் உதடும் மரமரத்து, தலை சுற்றும். அதைக் கண்டு அவர் மேலும் பயப்படுவார்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் உடனே இரத்த அழுத்தக் கருவிக்குக் கையை நீட்ட வேண்டாம். கழிப்பறைக்குப் போய்வந்து, முதுகைச் சாய்த்து, கால் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஓடி வந்த உடம்பில் எடுக்கிற எண் ஓட்டத்தின் எண். நோயின் எண் அல்ல. தாதியிடம் ‘இப்போதுதான் படியேறி வந்தோம், கொஞ்சம் உட்காரலாமா’ என்று கேட்பதில் தவறில்லை. நம்மவர்கள் வெள்ளைச் சட்டையைக் கண்டால் கேட்கத் தயங்குகிறார்கள்.

இனி வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி. குடும்பத்தின் அமைதி அவர் கையில் என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் அவருடைய அமைதி நம் வாயில் இருக்கிறது. வழியைச் சொல்ல ஒருவர் போதும். மற்றவர்கள் சொல்லாமல் இருப்பது பேருதவி. இந்த நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு அந்தச் சூட்டோடு சாவியை எடுக்கும் பிள்ளையைத் தடுத்து, பத்து நிமிடம் உட்கார வைத்து, ஒரு தேநீர் கொடுத்து அனுப்புகிற தாய் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியாது.

இன்னொருவன் வந்து குறுக்கே வெட்டினால் கோபம் வருகிறது. அவனைத் துரத்திப் போய்ப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவன் எங்கே, எதற்காக ஓடுகிறான் என்று நமக்குத் தெரியாது. அவன் வண்டியிலும் கண் தெரியாத ஓர் அம்மா இருக்கலாம். ஒருவேளை வெறும் போக்கிரியாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அவனை வழியனுப்பிவிடுவது நமக்கு மலிவு.

இரவு வேலை முடித்துவிட்டு நேராகத் தீபாவளிக்கு ஊர் போகிற இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்கத்தை மனவலிமையால் வெல்ல முடியாது. கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, இவையெல்லாம் சில நிமிட ஏமாற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையின் இளைப்பாறும் இடத்தில் நிறுத்தி, வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். கண் செருகினால் இருபது நிமிடம் தூங்கிவிட்டே கிளம்ப வேண்டும். நிறுத்துவதைக் கோழைத்தனம் என்று கேலி செய்கிற மாமன் மச்சான்கள் இருந்தால் அவர்களைப் பின்னிருக்கைக்கு அனுப்பிவிடுங்கள்.

பேருந்தில் வாந்தி வருகிறவர்கள் நம்மில் பலர். அது பலவீனம் அல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘அசைகிறோம்’ என்கிறது. இருக்கையின் முதுகையே பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். புத்தகமும் தொலைபேசியும் அப்போது கூடாது. இஞ்சித்துண்டு சிலருக்கு உதவுகிறது. மருந்துக்கடை மாத்திரை என்றால் புறப்படுமுன்பே போட வேண்டும். அதில் தூக்கம் வருவது உண்டு, ஆகவே ஓட்டுகிறவருக்கு அது ஆகாது.

கூட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கோ சுங்கை பட்டாணிக்கோ போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த்தில் நடந்ததை வயதில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. பினாங்கில் சீனர்களின் குவான் இன் விழா. இரண்டுக்கும் போய்வருகிற கூட்டம் பெர்ரி முனையத்தில் சேர்ந்தது. தாங்க முடியாத நெரிசலில் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,600-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அங்கே நின்றவர்கள் மீது குற்றம் சொல்வது அநியாயம். படகு ஏற வந்தவர்கள் அவர்கள். தளம் எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு 1985-இல் திறந்த பாலம் இருந்தும், 2014-இல் இரண்டாவது பாலம் வந்தும், பெர்ரியில் ஏறும்போதெல்லாம் சிலருக்கு நெஞ்சு ஒரு கணம் நிற்பது உண்டு. எங்கள் வீட்டுப் பெரியப்பா ஒருவர் கடைசிவரை அந்தப் பக்கம் போகவே இல்லை. அதைக் கோழைத்தனம் என்று நாங்கள் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் நாம் பழகிக்கொள்ளலாம். தோளோடு தோள் உரசும் அளவுக்குக் கூட்டம் சேர்வதைக் கண்டால் அந்தப் படகை, அந்த ரயிலை விட்டுவிடுவது. அடுத்ததில் போகலாம். கூட்டத்தில் சிக்கிக்கொண்டால் எதிர்த்துத் தள்ளாமல், அது போகும் போக்கிலேயே போய்க்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே ஒதுங்கி ஓரத்துக்கு வர வேண்டும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியவே கூடாது. பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று இறங்கும்போதே ஓர் இடத்தைக் காட்டி வைப்பது நல்லது. ‘அந்தப் பெரிய மணிக்குப் பக்கத்தில்’ என்றால் பிள்ளைக்கு நினைவிருக்கும். பிள்ளையின் சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய ஒரு துண்டுத்தாள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் படபடப்பு என்று தள்ளிவிடக் கூடாது. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவி, குளிர்ந்த வியர்வை வந்தால், அல்லது பேச்சுக் குழறி முகம் ஒருபக்கம் கோணினால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு இருக்கக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் அது வருவது உண்டு. ‘பயணக் களைப்பு, படுத்தால் சரியாகும்’ என்று சொல்லி இழந்த உயிர்கள் உண்டு.

அம்மாவின் கதையை விட்ட இடத்துக்கு வருவோம். அன்று மருத்துவமனையில் ஐந்து நிமிடத்துக்குப் பதில் முக்கால் மணி நேரமே உட்கார்ந்திருந்தோம். அக்கா தைலம் எடுத்து வந்திருந்தார். அதன் வாசனையில் அம்மாவுக்குத் தூக்கமே வந்துவிட்டது. இரத்த அழுத்தம் பார்த்தபோது 148. தாதி தலையை ஆட்டினார். அறுவை சிகிச்சை அரை மணி நேரத்தில் முடிந்தது.

சாயங்காலம் திரும்பும்போதும் பாலத்தில் நெரிசல்தான். வலது கண்ணில் கட்டு இருந்ததால் அம்மாவுக்கு ஜெரஜாக் தெரியவில்லை. ‘நாளைக்குக் கட்டு அவிழ்த்த பிறகு இந்த வழியாகத்தானே வருவோம், அப்போது பார்க்கிறேன்’ என்றார். மறுநாள் பார்த்தார். தீவின் மரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன என்றார். பிறகு தம்பியின் பின்னந்தலையை உற்றுப் பார்த்து, ‘உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே’ என்று கேட்டார். தம்பி அன்று மெதுவாகத்தான் ஓட்டினார்.